இன்னொருத்தரைக் கேட்டுப் பார்ப்போம்

கேட்டுப்பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. உயிரியல் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. கடைத்தெருவில் தேடுங்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையில் எடுத்து, தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு (வாளியை எதற்கு முகர வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள்), "எதிர்க் கடையில என்ன விலைன்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்று கீழே வைத்துவிட்டுப் போகிறாரே, அவர்தான். எதிர்க் கடையிலும் அதே வாளியை எடுத்து அதே மாதிரி முகர்ந்துவிட்டு அவர் முதல் கடைக்குத் திரும்புவதற்குள் வாளி விற்றுப்போயிருக்கும். வருத்தப்படுவாரா? மாட்டார். நல்லவேளை ஏமாறாமல் தப்பித்தோம் என்று வீட்டுக்குப் போவார். வீட்டில் வாளி இருக்காது. நிம்மதி இருக்கும்.

இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி ஒன்று என் பக்கத்து வீட்டில் வசிக்கிறது. தெருவில் அவருக்குப் பெயர் எஸ்டிமேட் அண்ணன். அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறோம். அண்ணனின் மனைவி எப்படி அக்கா ஆவார், முறை இடிக்கிறதே என்பீர்கள். அந்த வீட்டில் இடிக்க வேண்டியது முறையை அல்ல, சுவரை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

வீடு கட்டியபோது சுவருக்குள் புதைத்த இரும்புக் குழாய்கள் அவை. உள்ளே துரு ஏறி ஏறி, விரல் நுழைந்த துவாரம் பென்சில் நுழைகிற துவாரமாகி, இப்போது தீக்குச்சி நுழைந்தால் பெரிய விஷயம். வருகிற தண்ணீரும் செங்கல்லைக் கரைத்த நிறத்தில் வரும். சும்மா வராது, கெஞ்ச வேண்டும். மாடியில் ஒருவர் குளிக்கப் போனால், கீழே சமையலறைக் குழாயை இறுக்கி மூடி, பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக் குழாயைப் பாதி மட்டும் திறந்துவைக்க வேண்டும். ஏன் பாதி? யாருக்கும் தெரியாது. முழுசாகத் திறந்தால் மாடியில் விசில் சத்தம் மட்டும்தான் வரும்.

"மூடியாச்சா?"

"மூடியாச்சு!"

"பின்னாடி?"

"பாதி!"

"விடலாமா?"

"விடு! வருதா?"

"காத்து வருது!"

இது தினமும் காலையில் எங்கள் வீட்டுச் சுவர் தாண்டிக் கேட்கும். அந்த வீட்டில் யார் குளித்தார்கள், யார் பாதியில் சோப்போடு நிற்கிறார்கள் என்பது எங்களுக்கு மனப்பாடம். நான் எத்தனையோ நாள் என் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வந்துவிட வேண்டுமே என்று அவர்களுக்காகக் கவலையோடு காத்திருந்திருக்கிறேன்.

இதில் நிஜமாகப் பாதிக்கப்பட்டவர் அக்காதான். அவர் மருத்துவமனையில் தலைமை நர்ஸ். வேலைக்கு வெள்ளைச் சீருடை போட வேண்டும். அந்தத் தண்ணீரில் துவைத்துத் துவைத்து வெள்ளை முதலில் யானைத் தந்த நிறமானது, பிறகு பால் அதிகமான காப்பி நிறம், பிறகு பால் குறைவான காப்பி நிறம். புதிதாகச் சேர்ந்த டாக்டர் ஒருவர் மிகவும் மரியாதையாக, "சிஸ்டர், இந்தக் கலர் யூனிஃபார்ம் எந்த டிபார்ட்மென்ட்?" என்று விசாரித்தாராம். அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் "குழாய் டிபார்ட்மென்ட்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். எனக்கு அதைக் கேட்டபோது சிரிப்பும் வந்தது, சிரித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

அண்ணன் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சருக்குப் பணம் செலவாகுமே என்று பயம். இவருக்கு அந்தப் பயமே கிடையாது, குழாய் மாற்றுவதற்கென்று தனியாக வங்கியில் போட்டு வைத்திருக்கிறார். இவருடைய பயம் வேறு. இவர் ஒரு விலைக்கு ஒப்புக்கொண்டு, வேலையும் முடிந்து, மறுநாள் யாராவது ஒருவர் வந்து "ஐயய்யோ, இவ்வளவா குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டால்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் மனிதர் வருஷக்கணக்காகப் பாதி திறந்த குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிறார்.

ஆகவே பிளம்பர்கள் வருவார்கள். வந்தால் ஒரு சடங்கு உண்டு. முதலில் மொட்டைமாடித் தொட்டி. அங்கே பிளம்பர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடுவார். அடுத்தது மாடிக் குளியலறை. விரல் முட்டியால் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, நாக்கால் ஒரு "ச்ச்". அப்புறம் சமையலறை, அங்கே இரண்டு "ச்ச்". கடைசியில் பிளம்பர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, உலகத்தில் எல்லாப் பிளம்பரும் எல்லா வீட்டிலும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்பார்:

"யாரு சார் இந்த வேலையைப் பண்ணது?"

ஒருவர் இப்படித்தான் தொட்டிக்கு அடியில் ஓர் இணைப்பைப் பார்த்துவிட்டு, "யாரு சார் இது? அவன் கையை ஒடைக்கணும்" என்றார். அண்ணன் சாந்தமாக, "நீங்கதாங்க. போன தடவை எஸ்டிமேட் குடுக்க வந்தப்ப, இப்போதைக்கு இருக்கட்டும்னு போட்டுட்டுப் போனீங்க" என்றார். பிளம்பர் ஒரு கணம் அந்த இணைப்பையே உற்றுப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு எனக்கு உடம்பு சரியில்ல சார்" என்றார்.

சடங்கு முடிந்து விலை வரும். விலை என்றால் ஒரு தொகை அல்ல, அது ஒரு கூட்டுக்குடும்பம். குழாய்க்கு இவ்வளவு, மூட்டுகளுக்கும் வால்வுகளுக்கும் இவ்வளவு, கூலி இவ்வளவு, சுவரை வெட்ட இவ்வளவு, வெட்டிய சுவரைப் பூச இவ்வளவு, குளியலறையில் டைல்ஸ் உடைந்தால் இவ்வளவு, அதே டைல்ஸ் இப்போது கடையில் கிடைக்காது, ஆகவே எல்லா டைல்ஸையும் மாற்ற இவ்வளவு. குழாய் கடைசி வரிசையில் ஏழை உறவினர் மாதிரி நின்றுகொண்டிருக்கும். விலை அதிகமாக இருந்தால் அண்ணன், "கொள்ளையடிக்கிறான்" என்பார். குறைவாக இருந்தால், "ஏதோ மட்டமான சாமான் போடப் போறான்" என்பார். நடுவில் இருந்தால்?

"நடுவுல சொல்றான்னா அவனும் நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் சொல்றான். அவனுக்கே தெரியல. இன்னொருத்தரைக் கேட்டுப் பார்ப்போம்."

பார்ப்பார். ஒருவர் மொத்தக் குழாயையும் பிடுங்க வேண்டும் என்பார். இன்னொருவர் பழையதை உள்ளேயே சாகவிட்டு, வெளிச்சுவரில் புதுக் குழாய் இழுத்துவிடலாம், உடைக்கவே வேண்டாம் என்பார். மூன்றாமவர் அப்படிச் செய்தால் வெயிலில் குழாய் காய்ந்து தண்ணீர் கொதிக்கும் என்பார். அண்ணன் மூன்றாமவர் சொன்னதை முதலாமவரிடம் சொல்வார், முதலாமவர் சொன்னதை இரண்டாமவரிடம் சொல்வார், யார் யாரிடம் என்ன சொன்னார் என்று குழம்பிப்போய் நாலாமவரை வரச் சொல்வார். இப்படியே காலம் ஓடியதில் முதன்முதலில் விலை சொன்ன பெரிய பிளம்பருக்கு வயதாகி ஏணி ஏற முடியாமல் போய், அவர் தொழிலை அவருடைய மருமகன் எடுத்து நடத்துகிறார். பெரியவர் அன்றைக்குச் சொன்ன விலையை அண்ணன் இன்னும் மருமகனிடம் சொல்லிப் பார்ப்பார். அந்த விலைக்கு இன்று சுவரை வெட்டத்தான் ஆள் வருவார். வெட்டிவிட்டுப் போய்விடுவார்.

வேலையே கொடுக்காதவர் வீட்டுக்குப் பிளம்பர்கள் ஏன் வந்துகொண்டே இருக்கிறார்கள்? நியாயமான கேள்வி. இதில்தான் அண்ணனால் தெருவுக்கு விளைந்த நன்மை இருக்கிறது. இத்தனை பேரிடம் கேட்டுக் கேட்டு, குழாய் விஷயத்தில் அவர் ஒரு பல்கலைக்கழகம் ஆகிவிட்டார். மாலையில் வாசலில் நின்று, எந்தக் குழாய்க்கு எந்தப் பசை, எந்த வால்வு எத்தனை நாள் தாங்கும், யார் ஒழுங்காகப் பூசுவார், யார் பூசுகிற மாதிரி நடிப்பார் என்று எங்களுக்குப் பாடம் எடுப்பார். பாடம் கேட்ட எதிர் வீட்டுக்காரர் அடுத்த வாரமே குழாய் மாற்றினார். மூலை வீட்டு டீச்சர் மாற்றினார். தையல்காரர் மாற்றினார். அண்ணன் வீட்டுக்கு எஸ்டிமேட் கொடுக்க வந்தால் தெருவில் எங்காவது ஒரு வேலை உறுதி என்று பிளம்பர்களுக்குத் தெரிந்துபோயிற்று. போன மாதம் நானும் மாற்றினேன். தெருவின் கடைசிப் பழைய குழாய் அண்ணன் வீட்டில் மட்டும்தான். அதனால் வரப்போகிற ஆபத்தை அப்போது நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அக்கா யோசித்துவிட்டார் போலிருக்கிறது. ஒரு நாள் காலையில், அலமாரியிலிருந்து புதுசாகத் தைத்த நாலு வெள்ளைச் சீருடைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் செய்தித்தாளைப் படிப்பதாக நடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் அண்ணன்.

"தம்பி வீட்டுக்கு. இந்த நாலு மட்டுமாவது வெள்ளையா இருக்கட்டும்னு ஆசைப்படறேன்."

"இன்னும் ரெண்டே பேருதான். அவங்களையும் கேட்டுட்டா..."

"நீங்க கேட்டுக்கிட்டே இருங்க. நம்ம குழாயில வெள்ளையா தண்ணி வர்ற அன்னைக்கு ஒரு போன் பண்ணுங்க, வர்றேன். அதுவரைக்கும் வரமாட்டேன்."

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். நர்ஸ்கள் ஊசி போடுவதற்கு முன்னால் அப்படித்தான் பேசுவார்கள்.

அதற்குப் பிறகு அண்ணன் பட்ட பாட்டை நான் கேலி செய்ய மாட்டேன். மனிதர் நிஜமாகவே உடைந்துபோனார். மாடியிலிருந்து "மூடியாச்சா?" என்று கத்துவார், பதில் சொல்ல ஆள் இல்லை. தானே இறங்கி வந்து சமையலறைக் குழாயை மூடி, தானே பின்பக்கம் போய்ப் பாதி திறந்து, தானே மாடி ஏறி, தானே தனக்கு "விடலாம்" என்று சொல்லிக்கொள்வார். ஒரு நாள் சுவரோரம் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"அவ இல்லாம வீடு வீடா இல்லப்பா. நாளைக்கே வேலையை ஆரம்பிச்சுடப் போறேன்."

"ரொம்ப நல்லது அண்ணே. யாரை வெச்சு?"

"அதைத்தான் யோசிக்கிறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மச்சான் வீட்டுக்கு அக்காவை அழைத்துவரப் போனார். நாங்கள் எல்லோரும் வாசலில் காத்திருந்தோம். சாயங்காலம் திரும்பி வந்தார், தனியாக. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அக்கா எங்க அண்ணே?"

"அவ வரல. ஆனா மச்சான் வீட்டுல குழாய் எவ்வளவு சுத்தமா போட்டிருக்கான் தெரியுமா! போட்டவன் நம்பரை வாங்கிட்டு வந்துட்டேன்."

இனி கேளுங்கள். அதற்கு அடுத்த ஞாயிறு காலை பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சத்தம். "மூடியாச்சா" இல்லை, "ஐயோ". ஓடிப்போய்ப் பார்த்தேன். கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்தில், பூச்சு பெயர்ந்து விழுந்து, இரும்புக் குழாய் வாயைத் திறந்திருந்தது. இத்தனை வருஷம் மாடிக்குப் போக அடம்பிடித்த தண்ணீர் இப்போது எதிர்ச்சுவர்வரை பாய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் கட்டைவிரலால் ஓட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டியிலிருந்து வருகிற வால்வை மூடலாமே என்று நான் மாடிக்கு ஓடினேன். அதன் பிடி என் கையோடு வந்துவிட்டது.

"அண்ணே, வால்வு உடைஞ்சிருக்கு!"

"தெரியும்ப்பா. அதுக்குத் தனியா மூணு பேர்கிட்ட விலை கேட்டு வெச்சிருக்கேன்."

அவர் ஒரு கை சுவரில் இருந்ததால், அவருடைய போனை எடுத்து ஒவ்வொரு பிளம்பராக நான் கூப்பிட்டு அவர் காதில் வைத்தேன். பாவம், அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெருவில் இனி மாற்றுவதற்கு ஒரு வீடும் பாக்கி இல்லை. பிளம்பர்கள் எதற்காக வருவார்கள்?

முதல் ஆள் அன்பாகவே கேட்டார். "சார், வந்து பார்த்துட்டுப் போகவா, வேலை செய்யவா?"

"வேலை செய்ய! சத்தியமா வேலை செய்ய!"

எதிர்ப்பக்கம் ஒரு சிரிப்பு. "நல்லா இருக்கீங்களா சார்? அக்கா சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டாமவர், பழைய எஸ்டிமேட்டில் ஏதாவது சந்தேகமா என்று கேட்டார். மூன்றாமவர் எடுக்கவே இல்லை. மச்சான் வீட்டுக்குக் குழாய் போட்டவர், "உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன் சார்" என்றார், அதில் மரியாதைதான் அதிகம் இருந்தது. அண்ணன் கட்டைவிரல் வலித்து ஆள்காட்டி விரலுக்கு மாறினார். அந்த மாறுகிற நேரத்தில் நான் முழுசாக நனைந்தேன். தண்ணீர் செருப்புகளைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பெரிய பிளம்பரின் மருமகன் மட்டும் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "நிஜமாவே உடைஞ்சிடுச்சா சார்? சரி, அரை மணியில ஆளோட வந்துடறேன். மொத்தமும் மாத்திடலாம்" என்று விலையைச் சொன்னார். நியாயமான விலை. நான் கொடுத்ததைவிடக் குறைவு. அண்ணனுக்கே தெரியும், அதைவிட நல்ல விலை அவருக்கு இனி வரப்போவதில்லை.

கணுக்கால்வரை தண்ணீர். விரல் சுவரில். மனைவி மச்சான் வீட்டில். ஒரு சொல் போதும், "வாங்க" என்று. அண்ணன் வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் லைன்ல இருங்க தம்பி. இன்னொருத்தரைக் கேட்டுட்டுச் சொல்லிடறேன்."

நான் போனைத் தண்ணீரில் போட்டிருப்பேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது. அக்கா. பாக்கிச் சீருடைகளை எடுத்துப்போக வந்தவர், வாசலில் தன்னுடைய செருப்பே தன்னை எதிர்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார்.

"தம்பி, நான் அக்கா பேசறேன். கிளம்பி வாங்க."

"அக்கா, விலை வந்து..."

"வாங்க தம்பி."

அவ்வளவுதான். வருஷக்கணக்காக நடக்காத வேலை இரண்டு வார்த்தையில் நடந்தது. அண்ணன் சுவரோடு சுவராக நின்றபடி, "எவ்வளவுக்கு முடிச்சே? ஒரு வார்த்தை பேசிக் குறைச்சிருக்கலாமே?" என்றார்.

"விரலை எடுத்துட்டு வாங்க. உக்காந்து பேசுவோம்" என்றார் அக்கா.

அண்ணன் விரலைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

மருமகன் ஆட்களோடு வந்து, சுவரை வெட்டி, துருப்பிடித்த குழாய்களைப் பிடுங்கிப் புதுசு போட்டு, பூசி முடித்தார். வேலை நடந்த நாளெல்லாம் வீட்டில் எல்லாவற்றின் மேலும் சிமென்ட் தூள், அண்ணன் மேலும்தான். முடிந்ததும் அக்கா சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். எதிர் வீட்டு மாடி அதன் வழியாகத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வாய் குடித்தார், மீதியை அண்ணனிடம் நீட்டினார். மறுநாள் காலை மாடியிலிருந்து பழக்கதோஷத்தில் "மூடியாச்சா?" என்று அண்ணன் கத்த, அக்கா கீழேயிருந்து, "எதையும் மூட வேண்டாம், குளிங்க!" என்று கத்தினார். அந்த வாரம் அக்கா வெள்ளை வெளேர் என்று வேலைக்குப் போனார்.

அண்ணன் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். கூடத்துச் சுவரில் வெட்டிப் பூசிய இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் கோடு கோடாக நிற்கிறது. வெள்ளையடிக்க வேண்டும். நேற்று இரண்டு பெயின்டர்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "யாரு சார் இந்தப் பூச்சைப் பூசினது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாமவர் நாளைக்கு வருகிறாராம். அக்கா தன் பெட்டியை அலமாரி மேலே ஏற்றாமல், கைக்கு எட்டுகிற மாதிரி கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருக்கிறார் என்று கேள்வி.

நீங்கள் இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். சந்தோஷம். உங்கள் வீட்டுக் கூரையில் குளியலறைக்கு நேர் கீழே ஒரு ஈரக்கறை இருக்கிறதே, போன மழைக்கு ரூபாய் நாணயம் அளவு இருந்து இப்போது தட்டு அளவுக்கு வந்திருக்கிறதே, அதை நான் பார்க்கவில்லை. பார்த்தாலும் சொல்ல மாட்டேன். என் ஆசையெல்லாம் சின்னதுதான். இதைப் படித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், "நான் அந்த மாதிரி ஆளா?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். "ஆமாம்" என்றுதான் சொல்வார். நீங்கள் கொஞ்சம் யோசிப்பீர்கள். அப்புறம் எழுந்துபோய் இன்னொருத்தரைக் கேட்பீர்கள்.